வீட்டில் மின்-சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பழுதுபார்ப்பது எப்படி

சாதாரண சைக்கிளில் பிரேக் சரிசெய்யவும் பஞ்சர் ஒட்டவும் பழகியவர்கள், மின்-சைக்கிளில் கைவைக்கும்போது இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மின்-சைக்கிள் கனமானது, அந்தக் கனமும் வண்டி முழுவதும் சீராகப் பரவியிருக்காமல், பின்சக்கர மோட்டாரிலும் பேட்டரியிலும் குவிந்திருக்கும். அதோடு, பேட்டரி இணைந்திருக்கும்வரை பெடலைச் சற்று அசைத்தாலே சக்கரம் தானாகச் சுழலக்கூடும். வண்டியைக் கவ்வித் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் பழுதுபார்ப்பு ஸ்டாண்டை வீட்டில் பயன்படுத்தும் முறை முழுவதும் இந்த இரண்டையும் ஒட்டியே அமைகிறது.

எடை விஷயத்தில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே அனுமதிக்கப்பட்ட மின்-சைக்கிளின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பெடல் மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அந்த உதவி நின்றுவிட வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் 28, 30 கிலோ எடையுள்ள வண்டிகளைக் காட்டி, அவற்றுக்கென விலையுயர்ந்த ஸ்டாண்டு கட்டாயம் தேவை என்று சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டியதில்லை. 25 கிலோவுக்குமேல் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கும் நல்ல மடக்கு ஸ்டாண்டு நமக்குப் போதுமானது. ஆனால், அந்த எண் சொல்லப்படாத, பிளாஸ்டிக் கவ்வி கொண்ட மலிவான ஸ்டாண்டுகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; அவை பத்துக் கிலோ பந்தய சைக்கிளுக்காக உருவானவை.

2019 நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்கள் தடைசெய்யப்பட்டபின், உணவு விநியோகத்தில் இருந்த பலர் மின்-சைக்கிளுக்கு மாறினார்கள். நாள் முழுவதும் மழையிலும் வெயிலிலும் ஓடும் அந்த வண்டிகளுக்கு வாரந்தோறும் பார்வை தேவைப்படுகிறது. ஒவ்வொரு சிறு வேலைக்கும் கடைக்குப் போனால் பணத்தோடு அன்றைய வருமானமும் போய்விடும். இந்த வழிகாட்டி முதலில் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வேலை செய்வதுதானே வழக்கம், ஸ்டாண்டு எதற்கு என்று கேட்கலாம். கவிழ்த்தால் முழுக் கனமும் கைப்பிடியில் இருக்கும் திரை, பிரேக் நெம்புகோல், பொத்தான்கள் ஆகியவற்றின்மேல் இறங்குகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்காக இருந்தால், மேலே சேர்ந்திருக்கும் காற்றுக்குமிழி குழாய்க்குள் நகர்ந்து, வண்டியை நிமிர்த்திய பிறகு நெம்புகோல் பஞ்சுபோல் அமுங்கும். வண்டி தலைகீழாக நிற்கும்போது கியர் மாற்றியின் நடத்தையையும் சரியாகக் கணிக்க முடியாது.

இடம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடம்தான் முதல் கேள்வி. வாசலுக்கு வெளியே பொது நடைவழியில் ஸ்டாண்டை விரிப்பது எளிதாகத் தோன்றினாலும், அது தீ நேரத்தில் மக்கள் வெளியேறும் வழி. அங்கு குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. விரிந்த ஸ்டாண்டும் அதில் குறுக்காகத் தொங்கும் சைக்கிளும் அந்த அகலத்தை எளிதில் விழுங்கிவிடும். வரவேற்பறையில் நாற்காலியை ஒதுக்கினால் கிடைக்கும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடமே போதும். பளபளப்பான தரைக்கற்களில் ஸ்டாண்டின் கால்கள் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம். அதன்மேல் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் சங்கிலி எண்ணெய் தரையில் படாது. கழன்று விழும் சிறு திருகாணியும் சோபாவுக்கு அடியில் உருண்டு மறையாது.

பேட்டரியைக் கழற்றாமல் எதையும் தொடக்கூடாது

ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்பே, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே, மின்சாரத்தை அணைத்துப் பேட்டரியை உருவி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று கிலோ எடை அப்போதே குறைவதால் தூக்குவது எளிதாகும் என்பது ஒரு பயன். அதைவிட முக்கியமான காரணம் வேறு. பெரும்பாலான மின்-சைக்கிள்களில் பெடல் சுழல்வதை ஓர் உணரி கண்டறிந்து மோட்டாரை இயக்குகிறது. சங்கிலியைத் துடைப்பதற்காகப் பெடலை நீங்கள் கையால் சுற்றுவதும் அதற்கு ஒன்றுதான். அந்த நொடியில் விரல் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

பேட்டரியை எடுத்த பிறகு இயக்குபொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டம் அதனால் வடிந்துவிடும். கழற்றிய பேட்டரியைக் கடினமான, உலர்ந்த தரையில், வெயில் படாத இடத்தில், வாசற்கதவிலிருந்து தள்ளி வையுங்கள். மெத்தையிலோ சோபாவிலோ வேண்டாம். வண்டியில் வேலை நடக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்; கவனம் முழுவதும் வேறொன்றில் இருக்கும்போது பேட்டரியை மின்னேற்றத்தில் விடுவது நல்லதல்ல. அதன் உறை வீங்கியோ விரிசல் விட்டோ இருப்பது தெரிந்தால், அதற்குமேல் அந்தப் பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது.

சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்ற முடியாது. அவற்றில் சாவியைத் திருப்பி அணைத்து, சாவியை உங்கள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டபின் வேலையைத் தொடங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது இன்னும் அவசியம்.

கவ்வியை எங்கே பொருத்துவது

வீட்டில் ஏற்படும் சேதங்களில் பெரும்பங்கு இந்த ஒரு படியில்தான் நிகழ்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டத்தின் மேல்குழாயோ கீழ்குழாயோ கவ்விக்கு உரிய இடமல்ல. இன்றைய அலுமினியச் சட்டங்களின் குழாய்கள் நடுப்பகுதியில் மெல்லியவை. கார்பன் சட்டங்கள் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கவே தாங்கா. மின்-சைக்கிளில் அந்தக் குழாய்களுக்குள் கம்பிகளும் ஓடுகின்றன. கவ்வ வேண்டியது இருக்கைத் தண்டை. இருக்கையைச் சற்று உயர்த்தி, தண்டு குறைந்தபட்சம் எதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியாத அளவில் நிறுத்தி, தண்டைத் துணியால் துடைத்துவிட்டு, கவ்வியின் ரப்பர் பட்டைகளுக்கு இடையில் மணல் துகள் எதுவும் இல்லை என்பதையும் பார்த்து, அதன்பிறகே இறுக்குங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை மறக்கக்கூடாது. சில மடக்கு மின்-சைக்கிள்களில் பேட்டரியே இருக்கைத் தண்டுக்குள் அமைந்திருக்கும். இருக்கையோடு சேர்த்து மேலே உருவினால் பேட்டரி வெளியே வரும் வகை அது. அத்தகைய தண்டில் கவ்வியை ஒருபோதும் பொருத்தாதீர்கள். அதே விட்டமுள்ள ஒரு சாதாரணத் தண்டைச் சைக்கிள் கடையில் வாங்கி, பழுதுபார்க்கும்போது மட்டும் அதைச் செருகிக்கொள்வதே சரியான வழி, செலவு அதிகமில்லை. பொத்தானை அழுத்தினால் இறங்கும் வகைத் தண்டாக இருந்தால், வழவழப்பான உள்குழாயைக் கவ்வாமல், முழுத் தண்டையும் சட்டத்திலிருந்து சற்று மேலே இழுத்து அதன் வெளிக்குழாயைக் கவ்வ வேண்டும்.

இனி ஏற்றும் முறை. முதலில் ஸ்டாண்டின் கால்களை முழுவதும் விரித்து, கவ்வி நீட்டியிருக்கும் திசையில் ஒரு கால் அமையுமாறு திருப்புங்கள். இரண்டே கால்கள் கொண்ட ஸ்டாண்டாக இருந்தால், கவ்வி அவற்றின் நடுவே நீட்டியிருக்கட்டும். எடை கால்களின் பரப்புக்கு வெளியே போனால் ஸ்டாண்டு வண்டியோடு சாயும். அடுத்து, வண்டியைத் தூக்கிக் கவ்விக்குக் கொண்டுபோவதைவிடக் கவ்வியை வண்டிக்குக் கொண்டுவருவது நல்லது. ஸ்டாண்டின் தண்டை இறக்கி, கவ்வி இருக்கைத் தண்டின் உயரத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு வைத்தால், வண்டியை ஒரு சாண் உயர்த்தினாலே கவ்விவிடலாம். பெரும்பாலான வேலைகளுக்கு அந்த ஒரு சாண் போதும். நீங்கள் ஒரு சிறு முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். நெஞ்சளவுக்கு உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவரின் உதவியைக் கேளுங்கள். முதுகைக் குனிந்து தனியாகத் தூக்குவது வேண்டாம்.

இறுக்கியபின் கையை விடுவதற்கு முன், இருக்கையைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தண்டு கவ்விக்குள் சுழன்றால் இன்னும் சிறிது இறுக்கலாம். சுழலாவிட்டால் அதற்குமேல் ஒரு திருப்பும் தேவையில்லை. மடக்கு வண்டியில் சட்டத்தின் நடுக்கீலும் கைப்பிடிக் கீலும் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். முன்சக்கரம் தானாகத் திரும்பி மொத்த வண்டியையும் சாய்க்காதிருக்க, கைப்பிடியையும் சட்டத்தையும் ஒரு பட்டையால் இணைத்துக் கட்டிவிடுங்கள். பின்னால் இருக்கும் பதிவெண் தகட்டில் ஸ்டாண்டின் எந்தப் பகுதியும் உரசக்கூடாது.

ஏற்றியபின் பார்க்க வேண்டியவை

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் தட்டு எங்கேனும் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். உரசினால், பிரேக் பிடியை (தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் காலிப்பரை) சட்டத்தோடு இணைக்கும் இரண்டு திருகாணிகளையும் 5 மி.மீ ஆலன் கீயால் சற்றுத் தளர்த்தி, நெம்புகோலை இழுத்துப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிடி தானாக நடுவில் அமரும். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இதற்குப் பொதுவான அளவு. டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்குவிசை காட்டும் கருவியை வாங்குவது வீண்செலவு அல்ல. பிரேக் பட்டையில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றத் தயாராகுங்கள், 0.5 மி.மீ வரும்வரை காத்திருக்க வேண்டாம். தட்டின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும், 1.5 மி.மீ பல தட்டுகளுக்குப் பொருந்தும். தட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது; பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள்.

சங்கிலியின் தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் இரும்பு அளவுகோல் போதும். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. அது 306.3 ஆகியிருந்தால் 0.5 விழுக்காடு நீண்டிருக்கிறது, 307.1 ஆனால் 0.75 விழுக்காடு. பதினொன்று, பன்னிரண்டு வேகச் சங்கிலிகளை (பின்சக்கரத்தில் அத்தனை பல்சக்கரங்கள் உள்ள வண்டிகளின் சங்கிலிகளை) முதல் எல்லையிலும், ஏழு, எட்டு வேகச் சங்கிலிகளை இரண்டாம் எல்லையிலும் மாற்றிவிட்டால் பல்சக்கரங்கள் நீண்ட காலம் உழைக்கும். மோட்டார் பெடல் அச்சில் இருக்கும் வண்டிகளில் மோட்டாரின் விசையும் சங்கிலி வழியாகவே செல்வதால் அங்கே தேய்மானம் விரைவாக இருக்கும். பின்சக்கர மோட்டார் வண்டிகளில் சங்கிலி உங்கள் கால்வலிமையை மட்டுமே சுமக்கிறது.

கியர் சரியாக ஏறாவிட்டால், கியர் மாற்றிக்குள் கம்பி நுழையும் இடத்தில் உள்ள சிறு உருளையை அரைத் திருப்புக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாகவும், சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகவும் திருப்ப வேண்டும்.

மோட்டார் உள்ள சக்கரத்தின் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் அழுத்திப் பார்ப்பதைப் பலர் செய்வதில்லை, செய்ய வேண்டும். புது வண்டிகளிலும் முதல் சில வாரங்களில் கம்பிகள் தளர்வது இயல்பு, தளர்ந்த கம்பி விரைவில் உடையும். சட்டத்தில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு அருகே நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் எங்கே வளைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பின்சக்கரத்தைக் கழற்றுவது

மோட்டார் உள்ள பின்சக்கரம்தான் பலரையும் பயமுறுத்துகிறது. ஆனால் பஞ்சர் ஒட்ட அதைக் கழற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி எடுத்து, டியூபின் பழுதான பகுதியை வெளியே இழுத்து, தேய்த்துப் பசை தடவி ஒட்டிவிடலாம். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரல்களால் கவனமாகத் தடவி, குத்திய கண்ணாடித் துண்டையோ கம்பியையோ கண்டுபிடித்து எடுங்கள். அது அங்கேயே இருந்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுநாள் மீண்டும் ஓட்டை விழும்.

டயரையோ டியூபையோ முழுவதும் மாற்ற வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். அச்சின் இரு பக்கமும் வளையங்களும் நட்டுகளும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு அருகே சட்டத்தில் கட்டியிருக்கும் கேபிள் டைகளை வெட்டி, மோட்டார் கம்பியின் இணைப்பானைக் கண்டுபிடியுங்கள். அதை நேராக இழுத்தே பிரிக்க வேண்டும். முறுக்கினால் உள்ளிருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும், அதன்பிறகு மோட்டார் கம்பியையே மாற்ற நேரிடலாம். அதன்பின் நட்டுகளைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 18 மி.மீ ஸ்பேனர் பொருந்தும். சக்கரம் வெளியே வரும் கணத்தில் வண்டியின் பின்பக்கக் கனம் சட்டென்று குறைந்து முன்பக்கம் தாழும் என்பதை எதிர்பார்த்து ஒரு கையால் சட்டத்தைப் பிடித்திருங்கள். சக்கரம் இல்லாதபோது பின் பிரேக் நெம்புகோலை இழுக்கக் கூடாது. பட்டைகளுக்கு இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைப்பது பாதுகாப்பு.

திரும்பப் பொருத்தும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அதன் அச்சு எதிர்த்திசையில் சுழல முயல்கிறது. அதைத் தடுப்பவை அச்சின் தட்டையான பக்கங்களும் நாக்குள்ள வளையமுமே. அந்த நாக்கு சட்டத்தின் பிளவுக்குள் அமராவிட்டாலோ நட்டு தளர்ந்திருந்தாலோ, அச்சு சுழன்று கம்பிகளை அறுத்து, சட்டத்தின் முனையையும் பிளந்துவிடும். நட்டுகளுக்குரிய விசை பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது. இரண்டாவதாக, இணைப்பானின் இரு பாதிகளிலும் உள்ள அம்புக்குறிகளை நேர்ப்படுத்தி, குறித்திருக்கும் கோடுவரை முழுவதும் தள்ளுங்கள். மூன்றாவதாக, கம்பி அச்சிலிருந்து கீழ்நோக்கி வெளிவந்து, ஒரு சிறு வளைவாகத் தொங்கியபின் மேலேறட்டும். நவம்பர், டிசம்பர் மழையில் தினமும் ஓடும் வண்டிக்கு இந்த வளைவு மிக முக்கியம். மழைநீர் கம்பி வழியே மோட்டாருக்குள் போகாமல் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது

கருவிகளையும் துணிகளையும் அகற்றி, கட்டுவதற்குப் பயன்படுத்திய பட்டைகள் எதுவும் சக்கரத்தின் அருகில் தொங்கவில்லை என்று உறுதிசெய்து, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே பேட்டரியைப் பொருத்துங்கள். இயக்குபொத்தானை அழுத்தும்போது பெடலில் கை வைத்திருக்காதீர்கள். மிதிக்கும் விசையை அளக்கும் உணரி உள்ள வண்டிகள் அந்த நொடியில்தான் தம் தொடக்க நிலையைப் பதிந்துகொள்கின்றன. மிகக் குறைந்த உதவி நிலையைத் தேர்ந்து, சக்கரத்தின் பக்கவாட்டில் நின்று, பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். மோட்டார் சுழலத் தொடங்கியதும் பிரேக் நெம்புகோலை இலேசாக இழுங்கள். நெம்புகோலில் மின்துண்டிப்பு உணரி உள்ள வண்டியாக இருந்தால், பட்டைகள் தட்டைப் பிடிப்பதற்கு முன்பே மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இடது, வலது இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். சில நொடிகள் போதும். சுமையின்றி நீண்ட நேரம் ஓடவிடுவதால் பயனில்லை.

ஸ்டாண்டு வீட்டில் இருப்பதாலேயே எல்லா வேலையும் வீட்டில் செய்யத்தக்கது ஆகிவிடாது. பேட்டரியைப் பிரிப்பது, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது, மோட்டாரின் உட்பகுதியைத் தொடுவது ஆகியவற்றைத் தகுதியுள்ள கடையிடம் விட்டுவிடுங்கள். வேகத்தைக் கூட்டுவது, மிதிக்காமலே ஓட விசைப்பிடி பொருத்துவது போன்ற மாற்றங்கள் சட்டவிரோதமானவை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை, வண்டி இஎன் 15194 என்னும் ஐரோப்பியத் தரத்துக்கும் மேற்சொன்ன வரம்புகளுக்கும் உட்பட்டது என்பதற்கான அடையாளம். நண்பர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்து இத்தகைய மாற்றத்தைச் செய்துதரக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதிக வேகத்தில் பாயும் வண்டிக்கு அதன் பிரேக்குகள் போதமாட்டா. அடிபடப்போவது பாதையில் நடக்கும் வேறு யாராகவும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் மின்சாரத்தை அணைத்துப் பேட்டரியை மறுபடியும் கழற்றியபின் வண்டியை இறக்குங்கள். ஒரு கை சட்டத்தைத் தாங்கியிருக்க, மறு கை கவ்வியைத் தளர்த்தட்டும். சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும்வரை பிடியை விடாதீர்கள். இருக்கையைப் பழைய உயரத்துக்கு இறக்கி அதன் பிடியை இறுக்குங்கள். பிரேக் பட்டை மாற்றியிருந்தால், போக்குவரத்து இல்லாத இடத்தில் மிதமான வேகத்தில் சென்று பலமுறை பிரேக் பிடித்துப் பட்டைகளைப் பழக்கிய பிறகே சாலையில் இறங்குங்கள். முதல் பயணம் முடிந்து வீடு திரும்பியதும் பின்சக்கர நட்டுகளை இன்னொரு முறை ஸ்பேனரால் சரிபாருங்கள்.